நாலாம் பாரத்தில் எந்தக் கணக்கு

மாமனார் தன்னைத் தேடிப் பள்ளிக்கூடத்துக்கே வருவார் என்று செபஸ்தியான் நினைக்கவில்லை. வந்ததும் அவனுக்குச் சந்தோஷமாக இருந்தது. மனைவி ரோசரி செத்த பிறகு அவன் சந்தோஷப்பட்டது அன்றைக்குத்தான்.

1964 ஜூன் கடைசி. மூன்றாம் பாரம், அதாவது எட்டாம் வகுப்பு, தேறிய பையன்கள் நாலாம் பாரத்தில் எந்தக் கணக்கு எடுப்பது என்று முடிவு செய்கிற வாரம். ஜெனரல் மேத்ஸ் ஒன்று, காம்போசிட் மேத்ஸ் ஒன்று. ஜெனரல் சுலபம். வட்டி, லாபநஷ்டம், பரப்பளவு என்று ஓடிவிடும்; மார்க்கை அள்ளலாம். காம்போசிட்டில் அல்ஜீப்ராவும் ஜியாமெட்ரியும் கழுத்தைப் பிடிக்கும். ஆனால் காம்போசிட் எடுக்காதவனுக்குக் காலேஜில், பி.யு.சி.யில், கணக்கு குரூப் கிடையாது. கணக்கு குரூப் இல்லாதவன் இஞ்சினியரிங் காலேஜ் வாசலை மிதிக்க முடியாது. இதைத் தகப்பன்மார் ஒவ்வொருவரிடமும் விளக்கிச் சொல்லிவிட வேண்டும் என்பது தலைமையாசிரியர் உத்தரவு. காம்போசிட் நடத்துகிற வாத்தியார் செபஸ்தியான். ஆகவே சொல்கிற வேலையும் அவனுடையது.

அந்த வாரம் முழுக்கச் சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டியிருந்தது. வாழைக்காய் மண்டிக்காரருக்குச் சொன்னான். மலைக்கோட்டைக்குக் கீழே பாத்திரக்கடை வைத்திருந்தவர், "எம் மவன் கடையில உக்காரப் போறவன் சார், அவனுக்கு எதுக்கு அல்ஜீப்ரா, தவலைக்குத் தலையில எக்ஸ் போட்டா விக்கப் போறோம்" என்று சிரித்தார். அவரையும் உட்கார வைத்து, "பின்னால மனசு மாறினா வழி இருக்காது. தெரிஞ்சுக்கிட்டுக் கையெழுத்துப் போடுங்க" என்றான்.

அப்படித்தான் அன்றைக்கும் ஆசிரியர் அறையில் உட்கார்ந்திருந்தான். வெள்ளை டிரில் பேண்டும் கக்கத்தில் குடையுமாக அடைக்கலராஜ் வாசலில் நின்றார். ஸ்ரீரங்கம் ரயில்வே ஸ்டேஷனில் தலைமை புக்கிங் கிளார்க். மனிதர் கொஞ்சம் பருத்திருந்தார்.

"நல்லா இருக்கீங்களா மாப்ளே?"

"இருக்கேன் மாமா. உக்காருங்க."

"வீட்டுப் பக்கமே வரதில்ல. அத்தை கேட்டுக்கிட்டே இருக்கா."

அவர் குடையை நாற்காலிக் காலில் சாய்த்தார். அது விழுந்தது. எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"நம்ம பிலோமின் விஷயமாத்தான் வந்தேன். நாலாம் பாரம் போறான். திருவெறும்பூர்ப் பக்கம் எழும்புற ஃபாக்டரியப் பாத்தீங்கல்ல? கைலாசபுரத்துல குவார்ட்டர்ஸ் வருதாம். நம்ம காலத்துக்கு ரயில்வே. இனிமே அதான். இவன் அங்க இஞ்சினியரா உக்காரணும். எனக்கு வேற ஆசை கிடையாது. இருக்கறது ஒரே புள்ள."

இருக்கறது ஒரே புள்ள. அதை அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். செபஸ்தியான் விரலில் ஒட்டியிருந்த சாக்பீஸ் பொடியைத் தட்டினான்.

"கணக்குல மட்டும் நாப்பதத் தாண்ட மாட்டேங்கறான். மத்ததுல எல்லாம் எழுபது, எம்பது. அதான் யோசிச்சேன். ஜெனரல் மேத்ஸ் போட்டுட்டா அதுலயும் எம்பது வாங்கிடுவான். மொத்த மார்க் ஏறிடும். மார்க்கப் பாத்துத்தானே காலேஜ்ல எடுக்கறான். எங்க பார்சல் ஆபீஸ்ல ஒருத்தர், அவர் மகன் அப்படித்தான் ஃபர்ஸ்ட் கிளாஸ் வாங்கினான். ஸ்டேஷன்ல எல்லாருக்கும் மிட்டாய் குடுத்தார். சரிதானே நான் சொல்றது? நீங்க ஒரு வார்த்தை சொல்லிட்டீங்கன்னா எனக்கு நிம்மதி."

ஜன்னலுக்கு வெளியே பையன்கள் கத்திக்கொண்டிருந்தார்கள். செபஸ்தியான் அவர் முகத்தைப் பார்த்தான். நன்றாகச் சவரம் செய்த முகம்.

"உங்களுக்குத் தெரியாததா மாமா" என்றான்.

"அப்ப போட்டுடலாங்கறீங்க."

"உங்க இஷ்டம்."

சீட்டை எடுத்துக் கொடுத்தான். ஜெனரல் மேத்ஸ் என்ற இடத்தில் அழுத்திக் கோடு போட்டுக் கையெழுத்திட்டார் அடைக்கலராஜ். பேனாவை மூடிச் சட்டைப்பையில் குத்திக்கொண்டு எழுந்தார். "போயிட்டு வரேன் மாப்ளே. ஒரு நாளைக்குச் சாப்பிட வாங்க."

"வரேன் மாமா."

அவர் கேட்டைத் தாண்டும் வரை பார்த்துக்கொண்டிருந்தான்.

ரோசரி முதல் பிரசவத்துக்குத் தாய்வீடு போனது ஏழாம் மாதம், வளைகாப்பு முடிந்து. அப்போது செபஸ்தியானுக்கு உப்பிலியபுரம் ஹைஸ்கூலில் வேலை. ஸ்ரீரங்கம் ரயில்வே குவார்ட்டர்ஸில் அவளை விட்டுவிட்டு, பச்சைமலை அடிவாரத்துக்குத் திரும்பிப் போனான். வாரத்துக்கு ஒரு கடிதம் வரும். குழந்தை உதைக்கிறது, பிலோமின் மாதுளம்பழம் உரித்துத் தருகிறான், அப்பாவுக்கு ஏகாதசி வேலை ஆரம்பித்துவிட்டது என்று எழுதுவாள்.

வைகுண்ட ஏகாதசிக்கு ஸ்ரீரங்கத்தில் கால் வைக்க இடமிருக்காது. ஸ்பெஷல் ரயில்கள் ஒன்றன் பின் ஒன்றாக வந்து ஜனங்களைக் கொட்டும். ஏகாதசிக்கு முந்தின ராத்திரி ரோசரிக்கு வலி எடுத்தது. விடியும்போது ஊருக்குள் ஒரு ஜட்கா கூட நகரவில்லை. சொர்க்கவாசலுக்குப் போகிற கூட்டமும் திரும்புகிற கூட்டமும் காவிரிப் பாலம் வரை நெருக்கிக்கொண்டு நின்றன. நாலு பேர் கட்டிலோடு தூக்கிக்கொண்டு, பாதி தூரம் போய், நின்று, திரும்பி, மறுபடி போய், பொன்மலை ரயில்வே ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தபோது பிள்ளையும் இல்லை, அவளும் இல்லை. செபஸ்தியான் தந்தி கிடைத்து வந்தபோது சவப்பெட்டி மூடியிருந்தது. அவனுக்காகத் திறந்தார்கள்.

கர்த்தர் சித்தம் என்றார்கள். அவனும் அப்படித்தான் இருந்தான். யார் மேலும் கோபமில்லாமல், பசியில்லாமல், வேலைக்குப் போய் வந்துகொண்டு. திருச்சிக்கு வேலை மாற்றிக்கொண்டு வந்தான். ஒரு வருஷம் அப்படிப் போயிற்று.

பிறகு ஒரு நாள் டவுன் பஸ்ஸில் பக்கத்து சீட்டில் ஒரு அம்மாள் வந்து உட்கார்ந்தார். ஸ்ரீரங்கத்தில் வீடு வீடாகப் போய்ப் பிள்ளைத்தாய்ச்சிகளைப் பார்க்கிற நர்ஸ், கமருன்னிசா. வளைகாப்பன்று அவனைப் பார்த்தவர். துக்கம் கேட்டார். கேட்டுவிட்டு, "எனக்கு இன்னும் ஆறல தம்பி. ஏகாதசிக்கு ஒரு வாரம் இருக்கும்போதே படிச்சுப் படிச்சுச் சொன்னேன். குழந்தை குறுக்கக் கிடக்கு, வீட்டுல ஆகாது, கூட்டம் சேர்றதுக்குள்ள ஆஸ்பத்திரியில சேத்துடுங்கன்னேன். நீங்களாவது வந்து கூட்டிட்டுப் போயிருக்கக் கூடாதா?" என்றார்.

"யார்கிட்ட சொன்னீங்க?"

"உங்க மாமனார்கிட்டதான். ஏன், உங்களுக்கு எழுதலையா?"

எழுதவில்லை. மாமியாரிடமும் சொல்லவில்லை. ரோசரியிடமும் சொல்லவில்லை. சொன்னால் யாராவது அவரை லீவு போடச் சொல்லியிருப்பார்கள். ஏகாதசிக்கு லீவு கேட்கிற புக்கிங் கிளார்க்குக்கு பிரமோஷன் கிடைக்காது. அந்தப் பங்குனியில் அடைக்கலராஜ் தலைமை புக்கிங் கிளார்க் ஆனார்.

பஸ்ஸை விட்டு இறங்கும்போது செபஸ்தியானுக்குக் காலில் மறுபடி ரத்தம் ஓடத் தொடங்கியது போலிருந்தது. மரத்துப்போன கால் விழித்துக்கொள்வது போல வலித்தது. அன்றிலிருந்து அவனுக்குக் கொஞ்சம் பசித்தது. ஒரு காரியம் கிடைத்துவிட்ட மனுஷனைப் போல ஆனான். ஆனால் என்ன செய்வது என்று தெரியவில்லை. சண்டை போடலாம். போட்டால் அவர் அழுவார், ஊர் அவருக்காக இரக்கப்படும், கதை முடிந்துவிடும்.

இப்போது அவராகவே வந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகிறார். தெரிந்தும் வாயைத் திறக்காமல் இருப்பது எப்படி என்று அவர்தான் சொல்லிக்கொடுத்தார். அதையே அவருக்குத் திருப்பிக் கொடுத்தாயிற்று. இன்னும் மூன்று வருஷம் பொறுத்தால் போதும். எஸ்.எஸ்.எல்.சி. ஃபர்ஸ்ட் கிளாஸ் மார்க்கோடு, கோட்டு மாட்டிக்கொண்டு, மகனை அழைத்துக்கொண்டு காலேஜ் ஆபீஸில் போய் நிற்பார். அங்கே இருக்கிற குமாஸ்தா ஏற இறங்கப் பார்த்து, "காம்போசிட் இல்லையே, இவனுக்கு இங்க இடமில்லையே" என்பான். அப்போது அந்த மூஞ்சி எப்படி இருக்கும்? தினமும் தூங்கப் போகுமுன் செபஸ்தியான் அதை நினைத்துக்கொள்வான். ஜெபம் சொல்வதை விட்டு வெகுநாள் ஆகியிருந்தது. இது அந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டது.

இரண்டு கணக்குக்கும் பையன்களைப் பிரித்துப் போட்ட பட்டியலைச் சரித்திர வாத்தியார் நிஜாமுதீன் புரட்டிக்கொண்டிருந்தார். செபஸ்தியானைவிடப் பத்து வயது மூத்தவர்.

"என்னப்பா செபஸ்தி, உன் மச்சினன் ஜெனரல்ல இருக்கான்?"

"அவங்கப்பா இஷ்டம்."

"ரயில்வேக்காரர் மகனை இஞ்சினியர் ஆக்கப் போறேன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியறாரே. இஞ்சினியர்னா ரயில் இஞ்சின் ஓட்டறவன்னு நெனச்சுட்டாரோ? நீ விவரம் சொன்னியா?"

"கேட்டார். சொன்னேன்."

"சொல்லியும் ஜெனரலா? அல்லாவே, நல்ல தகப்பன்." பட்டியலை மூடிவிட்டு அவனைப் பார்த்தார். "ஜூலை கடைசி வரைக்கும் மாத்திக்கலாம்ல?"

"மாத்தலாம். அப்புறம் பட்டியல் மேலிடத்துக்குப் போயிடும்."

"அது வரைக்கும் உனக்கு ஞாபகம் வராம இருக்கணும்" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். எதை மனதில் வைத்துச் சொன்னார் என்று செபஸ்தியான் கேட்கவில்லை.

ஜூலை நடுவில் ஜெனரல் வகுப்பு வாத்தியாருக்குக் காய்ச்சல். அந்தப் பீரியடும் செபஸ்தியான் தலையில் விழுந்தது. தன் காம்போசிட் வகுப்பை முடித்துவிட்டு அறையை விட்டுப் போகாமல், அங்கேயே ஜெனரல் பையன்களை வரச் சொன்னான். போர்டில் ஒரு அல்ஜீப்ரா கணக்கு பாதியில் நின்றிருந்தது. காம்போசிட் வகுப்பில் ஒருவனுக்கும் வராத கணக்கு. ரிஜிஸ்டர் எடுத்துவர ஆபீஸுக்குப் போய்விட்டுத் திரும்பினான். வராந்தாவிலிருந்தே போர்டு தெரிந்தது. கணக்கின் மீதி நாலு வரியும் நெருக்கமான கையெழுத்தில் முடிந்திருந்தது. பிலோமின்ராஜ் டஸ்டரை வைத்து அவசர அவசரமாக அதை அழித்துக்கொண்டிருந்தான்.

செபஸ்தியான் உள்ளே வந்தான். ஒன்றும் கேட்கவில்லை. தனிவட்டி நடத்தினான். கடைசி பெஞ்சில் பையன் தலையைக் குனிந்துகொண்டு, ரோசரியைப் போலவே உதட்டைக் கடித்துக்கொண்டு, வேண்டுமென்றே தப்பாகப் பெருக்கிக்கொண்டிருந்தான். பக்கத்தில் போய் நின்று பார்த்தபோது தெரிந்தது. விடையைச் சரியாகப் போட்டுவிட்டு, அப்புறம் ஒரு எண்ணை மாற்றியிருந்தான்.

சாயங்காலம் தெப்பக்குளத்தருகே ஸ்ரீரங்கம் பஸ்ஸுக்குப் போகிற வழியில் அவனைப் பிடித்தான்.

"அந்தக் கணக்கு யார் போட்டது?"

"எது சார்?"

"நான் வரதுக்குள்ள அழிச்சியே, அது."

பையன் புத்தகப் பையைத் தோள் மாற்றினான். இரண்டு பேரும் நடந்தார்கள். ஜவுளிக்கடைக்காரன் ஒருவன் ஜமக்காளத்தை உதறினான். அதன் தூசிக்குள் புகுந்து வெளியே வந்தபோது பையன், "நான்தான் அத்தான்" என்றான். பள்ளிக்கூடத்தில் சேர்ந்ததிலிருந்து சார் தவிர வேறு வார்த்தை சொன்னதில்லை.

"மூணாம் பாரத்துல நாப்பது வாங்கினவன் அதப் போட முடியாது."

"வேணும்னுதான் நாப்பது வாங்கினேன்."

"எதுக்கு?"

"அப்பதான் அப்பா ஜெனரல்ல போடுவார். காம்போசிட் இல்லாட்டி இஞ்சினியர் ஆக முடியாதுன்னு எனக்குத் தெரியும். போன வருஷமே பெரிய பசங்க சொல்லிட்டாங்க. அவருக்குத் தெரியாது. அவருக்கு மார்க்குதான் வேதம்." பையை மறுபடி தோள் மாற்றினான். "ஆறாம் பாரம் முடிச்சதும் காலேஜுக்குக் கூட்டிக்கிட்டுப் போவார்ல? கோட்டெல்லாம் போட்டுக்கிட்டு. கிடையாதுன்னு அவங்க சொல்லுவாங்கல்ல? அப்ப அவர் மூஞ்சியப் பாக்கணும் அத்தான்."

செபஸ்தியான் நின்றுவிட்டான். பின்னால் வந்த சைக்கிள்காரன் மணியடித்து, திட்டிக்கொண்டே ஒதுங்கிப் போனான்.

தன் தலைக்குள் தினமும் ஓடிக்கொண்டிருந்தது வேறொருவன் வாயிலிருந்து வருகிறது. அதுவும் இன்னும் மீசை அரும்பாத வாயிலிருந்து.

"அவர் உனக்கு என்ன பண்ணார்?"

"நர்ஸம்மா வந்தப்ப நான் அப்பாகூட இருந்தேன். குழந்தை குறுக்க இருக்கு, உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கன்னு சொன்னாங்க. அவங்க போனதும் அப்பா என்னைக் கூப்ட்டு, அம்மாகிட்ட சொல்லாத, பயந்துடுவா, ஏகாதசி முடியட்டும்னார். நானும் சொல்லல." அழவில்லை. கணக்கு ஒப்பிப்பது போலச் சொன்னான். "அக்காவுக்கு தினம் மாதுளம்பழம் உரிச்சுக் குடுப்பேன். பக்கத்துலயேதான் உக்காந்திருப்பேன். அவகிட்டயும் சொல்லல."

பஸ் வந்து நின்றது. கூட்டம் ஏறியது. பையன் ஏறவில்லை.

"நீங்களும்தான் அப்பாகிட்ட சொல்லல" என்றான்.

"என்ன?"

"காம்போசிட் விஷயம். எல்லார்கிட்டயும் உக்கார வெச்சுச் சொன்னீங்களாம். பாத்திரக்கடைப் பையன் சொன்னான். எங்கப்பாகிட்ட மட்டும் சொல்லல. அன்னிக்கே எனக்குத் தெரிஞ்சுபோச்சு, நீங்க என் கட்சின்னு." சொல்லும்போது அவன் முகத்தில் லேசாக ஒரு சிரிப்பு வந்தது. ரொம்ப நாளாகத் தனியாக இருந்தவன் துணை கிடைத்தால் சிரிக்கிற சிரிப்பு.

அடுத்த பஸ்ஸில் ஏற்றிவிட்டு செபஸ்தியான் அறைக்குத் திரும்பினான். அன்றைக்கு அந்த மூஞ்சியை நினைக்க முயன்றான். காலேஜ் ஆபீஸ் வந்தது, குமாஸ்தா வந்தான், அடைக்கலராஜ் வந்தார். ஆனால் பக்கத்தில் நிற்கிற பையனும் வந்தான். இத்தனை நாள் அந்தப் படத்தில் அவன் இல்லை. இருந்திருக்க வேண்டியவன்தான். யார் தலையெழுத்தில் கோடு போட்டோம் என்று அப்போதுதான் செபஸ்தியானுக்கு உறைத்தது. கிழவருக்கு ஒரு நாள் மூஞ்சி கறுக்கும். அப்புறம் ஏதாவது கிளார்க் வேலை பிடித்துக் கொடுத்துவிட்டு, கர்த்தர் சித்தம் என்பார். பையனுக்கு ஆயுசுக்கும் கறுப்பு.

விலை அதிகம். அதைவிட, விலை கொடுக்கிறவன் தப்பான ஆள்.

கோபம் ஒன்றும் குறையவில்லை. அது இருந்த இடத்திலேயே இருந்தது. வேறு வழி பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

சனிக்கிழமை மத்தியானம் ஸ்ரீரங்கம் போனான். மொட்டைக் கோபுரத்தைத் தாண்டி ஸ்டேஷன் ரோட்டில் திரும்பினான். குவார்ட்டர்ஸ் வாசலில் அதே கொடியில் துணி காய்ந்தது. அடைக்கலராஜ் பனியனோடு சாய்வு நாற்காலியில் இருந்தார். எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டார்.

"வாங்க மாப்ளே, வாங்க. அற்புதம், யார் வந்திருக்காங்க பாரு."

உள்ளேயிருந்து மாமியார் அற்புதம்மாள் எட்டிப் பார்த்தாள். "வாங்க தம்பி" என்றவள் காபி போட உள்ளே போய்விட்டாள். பிலோமின்ராஜ் கூடத்து மூலையில் படித்துக்கொண்டிருந்தான். செபஸ்தியானைப் பார்த்ததும் அவன் முகம் கலவரமானது.

"மாமா, பிலோமினை காம்போசிட்டுக்கு மாத்தணும்."

"எதுக்கு? மொத்த மார்க் விழுந்துடுமே."

"ஜெனரல் எடுத்தா இஞ்சினியரிங் கிடையாது. நூத்துக்கு நூறு வாங்கினாலும் கிடையாது. பி.யு.சி.யில கணக்கு குரூப்பே குடுக்க மாட்டாங்க."

அடைக்கலராஜ் முதலில் சிரித்தார். அப்புறம் சிரிப்பை நிறுத்தினார். "யார் சொன்னது?"

"விதி அது. நாந்தான் அத எல்லாருக்கும் சொல்ற ஆளு."

"அன்னிக்கு உங்ககிட்டதானே கேட்டேன்? கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி கேட்டேனே?"

"கேட்டீங்க."

"அப்ப உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சும் ஏன் சொல்லல?" அவர் குரல் எழும்பியது. "ஒரு பையனோட வாழ்க்கை. அது உங்களுக்கு வெளையாட்டா? ஏன் சொல்லலங்கறேன்?"

இந்தக் கேள்விக்காகவே செபஸ்தியான் பஸ் ஏறி வந்திருந்தான். அவசரப்படவில்லை.

"நீங்க ஏன் சொல்லல மாமா?"

"நானா? நான் எத?"

"கமருன்னிசா அம்மா சொன்னத."

அவர் வாய் திறந்தபடி இருந்தது. காலேஜ் ஆபீஸில் பார்க்கலாம் என்று அவன் மூன்று வருஷத்துக்குத் தள்ளி வைத்திருந்த மூஞ்சி, அங்கே அந்தக் கூடத்திலேயே, கூரைக் கண்ணாடி ஓட்டு வெளிச்சத்தில் தெரிந்தது. நினைத்ததைவிடச் சின்னதாக இருந்தது.

"நர்ஸம்மா என்ன சொன்னா?" என்றாள் அற்புதம்மாள். இரண்டு டம்ளரோடு நடையில் நின்றாள்.

செபஸ்தியான் அவரைப் பார்த்தான். சொல்லட்டும் என்று விட்டான். அவர் சொல்லவில்லை. இப்போதும் சொல்லவில்லை.

"குழந்தை குறுக்கக் கிடக்கு, வீட்டுல ஆகாதுன்னு சொன்னாங்க அத்தை. ஏகாதசிக்கு ஒரு வாரம் முன்னாடியே."

அற்புதம்மாள் புருஷன் பக்கம் திரும்பினாள். "நெசமா?"

"அப்படி ஆகும்னு நான் கண்டேனா அற்புதம்? ரெண்டு நாளு தள்ளிப் போகும்னு நெனச்சேன். கூட்டம் போனதும் நானே கூட்டிக்கிட்டுப் போகத்தான்..."

"நெசமான்னு கேட்டேன்."

"அப்பா சொன்னார்ம்மா" என்றான் மூலையிலிருந்து பிலோமின்ராஜ். "ஏகாதசி முடியட்டும்னார். நான் இருந்தேன்."

அவள் மகனை வெகுநேரம் பார்த்தாள். பிறகு ஒரு டம்ளரைச் செபஸ்தியான் முன்னால் வைத்தாள். இன்னொன்றைப் புருஷனுக்கு வைக்கவில்லை. திரும்ப எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். உள்ளே காபியைச் சாக்கடையில் ஊற்றுகிற சத்தம் கேட்டது.

செபஸ்தியான் தன் காபியை நிதானமாகக் குடித்தான். ருசியாக இருந்தது. மாற்றுச் சீட்டைச் சட்டைப்பையிலிருந்து எடுத்து நீட்டினான். அடைக்கலராஜ் கையெழுத்துப் போட்டார். இந்தத் தடவை அழுத்திப் போடவில்லை.

திங்கட்கிழமை பிலோமின்ராஜ் காம்போசிட் வகுப்புக்கு வந்தான். செபஸ்தியானை நிமிர்ந்து பார்க்கவில்லை. கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தான். அந்த வாரப் பரீட்சையில் பேப்பரில் பெயரை எழுதி, கீழே வெறுமையாக விட்டுக் கொடுத்தான். அடுத்த வாரமும் அப்படியே.

"என்னப்பா, கொண்டு வந்து சேத்தவன் முட்டை போடறான்?" என்றார் நிஜாமுதீன்.

"ஒரு தகராறு. தீத்துக்கறேன்."

மூன்றாவது பரீட்சையன்று பையன்கள் எல்லோரும் குனிந்து எழுதிக்கொண்டிருந்தபோது செபஸ்தியான் கடைசி பெஞ்சுக்குப் போனான். காலி இடத்தில் உட்கார்ந்தான். பேப்பர் வெறுமையாக இருந்தது.

"கட்சி மாறிட்டீங்க" என்றான் பையன், தலையைத் தூக்காமல்.

"மாறல."

"அவர் இப்ப சந்தோஷமா இருக்கார். அம்மா பேசறதில்ல, அதுகூடப் பெருசில்ல அவருக்கு. எம் புள்ள இஞ்சினியர்னு மறுபடி ஆரம்பிச்சுட்டார்."

"சொல்லட்டும். இப்ப நீ முட்டை வாங்கினா என்ன ஆகும்? மூணு வருஷம் கழிச்சு நீ வீட்டுலயே கெடப்ப. அவர் பக்கத்துலயே, அவர் சோத்தத் தின்னுக்கிட்டு. உனக்கு ஒரு வேலை பிடிச்சுக் குடுப்பார். தினம் அவர் மூஞ்சியத்தான் பாக்கணும். அவருக்கு அது தண்டனை இல்ல. ஒத்தாசை."

பையன் பேனா மூடியைத் திருகினான். செபஸ்தியான் குரலைத் தாழ்த்தினான்.

"எழுது. நூறு வாங்கு. இஞ்சினியர் ஆகு. கைலாசபுரத்துல உனக்கு ஒரு குவார்ட்டர்ஸ் குடுப்பாங்க. சாவி உங்கிட்ட இருக்கும். அவரை ஒரு நாளும் உள்ள கூப்பிடாத."

பையன் முதல் தடவையாக நிமிர்ந்தான். ரோசரியின் கண்கள். செபஸ்தியான் அதைப் பார்த்துக்கொண்டே, மனம் இளகாமல் உட்கார்ந்திருந்தான்.

"அம்மா?"

"அம்மாவக் கூட்டிக்கிட்டுப் போயிடு."

"அவர் வந்து கதவத் தட்டினா?"

"தட்டட்டும்."

பையன் யோசித்தான். முன் பெஞ்சில் யாரோ பேப்பரைத் திருப்பினார்கள். வெளியே கொடிமரத்துக்குக் கீழே பியூன் மணியடிக்கத் தயாராக நின்றான். இன்னும் கொஞ்சம் நேரம் இருந்தது.

பிலோமின்ராஜ் பேனாவைத் திறந்தான். நிப்பை ஒரு தரம் உதறினான்.

"முதல் கணக்கு, இத நிரூபிக்கணுமா, விடை கண்டுபிடிக்கணுமா சார்?"

"நிரூபிக்கணும்" என்றான் செபஸ்தியான்.

பையன் எழுத ஆரம்பித்தான்.